ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோப்பாயில், பருத்தித்துறை வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்த அப்பாவைக் கார் ஒன்று இடித்துவிட்டது. கால் முறிந்து யாழ். போதனா வைத்தியசாலையில் தகடு வைத்தார்கள். அவர் மேசன். மூன்று வாரமாகிறது. கார்க்காரர் "பொலிசுக்குப் போகாதேங்கோ, ஐம்பதாயிரம் தாறன்" என்று ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். எலும்பு பொருந்த எத்தனை மாதம் செல்லும், அப்பா திரும்பவும் உயரத்தில் நின்று பூச்சு வேலை செய்வாரா என்று எதுவுமே தெரியாத நேரம் இது. இப்படிப்பட்ட கடதாசிகளில் "இனி எந்த நட்டஈடும் கோரமாட்டேன்" என்ற வரிதான் முக்கியம். நாளைக்கு வழக்குப் போட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் நீட்டுவதும் அதைத்தான். செலவுக்குக் காசு தந்தால் வாங்குங்கள். "மருத்துவச் செலவில் ஒரு பகுதி" என்று மட்டும் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

காயம் ஏற்பட்ட விபத்தைப் பொலிசுக்கு அறிவிப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி சாரதியின் கடமை. அவர் அதைச் செய்யவில்லையென்றால் நீங்கள் கோப்பாய் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போங்கள். பிந்திவிட்டது என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் ஏன் பிந்தியது என்பதையும் வாக்குமூலத்தில் எழுதுவியுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி "சைன் வையுங்கோ" என்றால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை வைக்க வேண்டாம். கார் எந்தப் பக்கத்தால் வந்தது, எந்த மூலை இடித்தது, முக்கியமாக யார் ஓடினது என்பவை அதில் இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் ஓடியிருக்க, தகப்பன் "நான்தான் ஓடினனான்" என்று வந்து நிற்பது நம்மூரில் புதினமில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்துடன் அப்பா சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையில் கடுங்காயம். எக்ஸ்ரே, டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலையிலிருந்து விடும்போது தரும் நோய் விபர அட்டை), மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு எதையும் எறிய வேண்டாம்.

பலர் குழம்பும் இடம் இது: நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் தண்டப்பணம் அரசுக்குப் போகும். உங்கள் இழப்புக்கான நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டும், அதுவும் விபத்து நடந்து 2 வருடங்களுக்குள். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே காலத்தை விட்டவர்கள் உண்டு. சாரதியோடு வாகன உரிமையாளரையும் பிரதிவாதியாக்குவது வழக்கம்.

காசு பெரும்பாலும் வரப்போவது கார்க்காரரின் பையிலிருந்து அல்ல, காப்புறுதிக் கம்பனியிலிருந்து. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். காரின் காப்புறுதிச் சான்றிதழைப் படமெடுங்கள். முடியாவிட்டால் கம்பனியின் பெயரையும் பத்திர இலக்கத்தையும் பொலிசில் கேளுங்கள். வழக்குப் போட முன்னர், அல்லது போட்டு 7 நாட்களுக்குள், அந்தக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். அது தவறினால், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் கம்பனி கைவிரிக்கலாம்.

மேசனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? வேலை கொடுத்தவர்களின் கடிதம், கிராம சேவையாளரின் கடிதம், நாட்கூலி எழுதிய கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் சேருங்கள். அப்பாவிலும் பிழை இருந்தால் வழக்கு விழாது, தொகைதான் குறையும்: 10 இலட்சம் நட்டம், அவர் பக்கப் பிழை கால்வாசி என்று நீதிமன்றம் கண்டால் கிடைப்பது ஏழரை இலட்சம். ஆகவே சிக்னல் லைட் போடாமல் திரும்பியிருந்தால் அதைச் சட்டத்தரணிக்கு முதலிலேயே சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்கு அப்பாவின் அடையாள அட்டை, முறைப்பாட்டு இலக்கம், வருமான விபரத்துடன் போங்கள். கார்க்காரர் நீட்டிய அந்தக் கடதாசியின் படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.