சிபாப் மெஷினுல மூக்கு மாஸ்க்கிலிருந்து முழுமுக மாஸ்க்குக்கு மாறினதும் ஏஹெச்ஐ 3லிருந்து 11 ஆனது ஏன்?

ஏஹெச்ஐங்கறது தூக்கத்துல மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, குறையுதுங்கற கணக்குங்க; அதைக் குறைக்கத்தான் சிபாப் மெஷின் காத்தை அழுத்தமா அனுப்புது. உங்களுக்கு அழுத்தம் அதே 9தானுங்க, மாஸ்க்தான் மாறியிருக்குது. முழுமுக மாஸ்க்கோட வாரை இறுக்கினா தாடை பின்னால போகும், கூடவே நாக்கும் சரிஞ்சு தொண்டை குறுகிரும். அதனால பல பேருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். டாக்டரைக் கேக்காம நீங்களா ஏத்திராதீங்க.

மொதல்ல மெஷின் மெனுவுல மாஸ்க் வகையை மாத்துனீங்களா பாருங்க. வாரை, மெஷின் ஓடறப்பப் படுத்துக்கிட்டே சரி பண்ணோணும். உக்காந்து பண்ணினா படுத்ததும் கசியும். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்னா கசிவு நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குக் கீழ நிக்கோணும். தாடி இருந்தா கஷ்டந்தான்.

மூக்கடைப்புக்காக மாத்தியிருந்தா, உங்க பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காநார்த் தூசிக்கு மெஷினோட ஃபில்டரை அடிக்கடி மாத்துங்க. ஈரப்பதத்தை ஒரு படி ஏத்தி, படுக்கறதுக்கு முன்னால உப்புத்தண்ணி ஸ்ப்ரே அடிங்க. அடைப்பு விட்டுச்சுன்னா பழைய மூக்கு மாஸ்க்கே போதுமுங்க.