அந்த லேபிளை யார் தைக்கச் சொன்னது?

கேள்வி: எனக்கு 36 வயது. தாராவியில் கராத்தே யூனிஃபார்ம் தைக்கும் சிறிய யூனிட் நடத்துகிறோம். அப்பா 17 வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் இடத்தில் வேலை பார்த்து, 1996-ல் ஒரே ஒரு மெஷினோடு சொந்தமாக ஆரம்பித்தார். இன்று ஆறு மெஷின், எட்டுப் பேர், மாதம் 600 செட் போகிறது. லேபிள் அம்மா பெயரில். பெயருக்குக் கீழே '100% காட்டன்' என்று இருக்கும். அம்மா காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

நான் பி.காம். முடித்து 12 வருடமாகக் கடையைப் பார்க்கிறேன். போட்டி அதிகம். போன தீபாவளிக்குப் பிறகு, பிவண்டியிலிருந்து வரும் பாலி-காட்டன் கலப்புத் துணிக்கு மாறினோம். செட்டுக்கு 140 ரூபாய் மிச்சம். விலையை மாற்றவில்லை. பழைய லேபிள் நிறைய மீதி இருந்ததால் அதையே தைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய இடத்துக்குப் போக பேங்க் லோன் வேண்டும். கடை அப்பா பெயரில் இருக்கிறது. என்னையும் பார்ட்னராகச் சேர்த்துப் பத்திரம் தயார் செய்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், காரணமும் சொல்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, பிசிறு வெட்டிவிட்டு ராத்திரி போகிறார். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறாள் மனைவி. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இல்லை, நான் தனியாக ஆரம்பித்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாராவி, மும்பை

பதில்:

தம்பி,

நீங்கள் எழுதியது ஏழு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். பேங்க் மேனேஜர் சொன்னது ஒன்றரைப் பக்கம், பத்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம், அப்பாவின் பிடிவாதம் மூன்று பக்கம். இதற்கு நடுவில், துணிக் கணக்கோடு கணக்காக ஒரு வரி: "பழைய லேபிள் நிறைய மீதி இருந்ததால் அதையே தைத்துக்கொண்டிருக்கிறோம்." மற்றதையெல்லாம் ஒரு முறை படித்தேன். இந்த வரியை நாலு முறை படித்தேன்.

லேபிளில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேலே அம்மா பெயர், கீழே '100% காட்டன்'. உள்ளே இருப்பது பாலி-காட்டன். வாங்குவது பழைய விலை. மாதம் 600 செட் என்றால், தீபாவளிக்குப் பிறகான இந்த ஏழு மாதத்தில் 4,200 செட். 4,200 பேரின் பிடரியில் உங்கள் அம்மா பெயரோடு ஒரு பொய்யும் தைத்துப் போயிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் மென்மையான வார்த்தை கிடைக்குமா என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

செட்டுக்கு 140 ரூபாய் மிச்சம் என்கிறீர்கள். 4,200 செட்டுக்கு 5,88,000 ரூபாய். அது யாருடைய பணம்? காட்டன் என்று நம்பி, காட்டனுக்கான விலையைக் கொடுத்த பெற்றோருடைய பணம். மும்பையில் பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்புகிறவர்களில் ஆட்டோ ஓட்டுகிறவரும் உண்டு, வீட்டு வேலைக்குப் போகிறவளும் உண்டு. உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடமிருந்து எடுத்ததை மிச்சம் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கலப்புத் துணியே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் பேரன் செம்பூரில் கராத்தே கற்கிறான். அவனுக்கு முதலில் வாங்கியதே கலப்புத் துணிதான், அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் காய்கிறது, துவைத்தால் அதிகம் சுருங்குவதில்லை, விலையும் கம்மி. வளர்கிற பிள்ளைக்கு அது போதும். பெரிய போட்டிகளில் சண்டைப் பிரிவில் இறங்குகிற வீரர்கள்கூட மெல்லிய பாலியஸ்டர் உடை போடுகிறார்கள். எதிராளி இல்லாமல் அடவுகளை வரிசையாகச் செய்து காட்டுகிற 'கட்டா' பிரிவில் இறங்குகிறவர்கள்தான் 12 அவுன்ஸ், 14 அவுன்ஸ் எடை என்று கெட்டிக் கேன்வாஸைத் தேடிப் போகிறார்கள். கையை வீசி நிறுத்தும்போது அந்தத் துணி 'படீர்' என்று சத்தம் கொடுக்கும். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கலப்புத் துணிக்குக் கலப்புத் துணி என்றே லேபிள் போட்டு, விலையை நூறு ரூபாய் குறைத்து விற்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. பிரச்சினை துணியில் இல்லை தம்பி, அதன் மேல் தைத்ததில் இருக்கிறது.

லேபிளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பேரனின் வகுப்பு முடியும்வரை நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் உட்காரும் ஒரு அம்மா, புதுச் சட்டை எது வந்தாலும் முதலில் காலரைத் திருப்பி லேபிளைப் படிப்பாள். அவள் பெண்ணுக்கு வியர்த்தால் கழுத்திலும் கை மடிப்பிலும் தடித்துச் சிவந்துவிடும். காட்டன் மட்டும் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மே மாதம், மின்விசிறி மட்டும் ஓடுகிற ஹாலில், ஒன்றரை மணி நேரம் அந்தப் பெண் குதித்து உதைக்கிறாள். அவளுக்காக அவள் அம்மா நம்பிக்கொண்டிருப்பது அந்தச் சின்னத் துணித் துண்டை.

இனி உங்கள் அப்பாவுக்கு வருவோம். காரணம் சொல்வதில்லை என்கிறீர்கள். காரணம் உங்கள் கண் முன்னால் தினமும் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்கிறது.

பிசிறு வெட்டுவது என்றால் என்ன? ஒவ்வொரு செட்டும் கடைசியாக வந்து சேருகிற கை அது. காலர் பட்டையில் வரிசை வரிசையாக ஓடிய தையல், பக்கவாட்டில் கட்டுகிற நாடா, கால் தூக்கி உதைத்தால் கிழியாமல் இருக்க பேன்ட்டின் இடுக்கில் வைத்துத் தைத்த துண்டு, எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்ட வேண்டும். முப்பது வருடம் கேன்வாஸைத் தொட்ட விரலுக்கு, இது பாலியஸ்டர் கலந்தது என்று தெரிந்துகொள்ள நூலை உருவிக் கொளுத்திப் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் லேபிள். அதற்கு நாலு மூலை. நாலிலும் நூல் நிற்கும். மாதம் 600 என்றால் ஒரு நாளைக்கு இருபத்துநாலு செட். இறந்துபோன மனைவியின் பெயரைச் சுற்றி, தினம் இருபத்துநாலு தடவை, அந்த மனிதர் கத்தரியை வைக்கிறார். நீங்கள் அதே அறையில் உட்கார்ந்து லோன் கணக்குப் போடுகிறீர்கள்.

உங்கள் கடிதத்தின் ரெண்டாம் பக்கத்தில் பெருமையாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் சட்டையை மடித்து அடுக்கும்போது வலது பக்கத்தை மேலே வைத்துவிட்டீர்களாம். போடுகிறவருக்கு இடது பக்கம்தான் மேலே வர வேண்டும், ஜப்பானில் வலதை மேலே போடுவது இறந்தவர் உடம்புக்கு மட்டும்தான் என்று சொல்லி, அடுக்கின முழுக் கட்டையும் பிரித்து மறுபடி மடிக்க வைத்தாராம் அப்பா. பாலித்தீன் பையைப் பிரிக்கும் வரை யாரும் கவனிக்காத ஒரு மடிப்புக்கு அந்தப் பாடு படுத்தியவர், லேபிளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார் என்று எப்படி நினைத்தீர்கள்? துணி மாறிய அன்று அவர் என்ன சொன்னார்? ஏழு பக்கத்திலும் தேடினேன், அது இல்லை. ஏதோ சொல்லியிருப்பார். நீங்கள் "சரி சரி, பார்த்துக்கலாம்ப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

லேபிள் கதை தொடங்கி ரெண்டு மாதம் கழித்துப் பத்திரத்தை நீட்டியிருக்கிறீர்கள். இன்று கடை அவர் பெயரில் இருக்கிறது. துணியின் தரத்தையும் கலவையையும் தவறாகச் சொல்லி விற்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நாளைக்கு ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் நோட்டீஸ் உங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். நீங்கள் பார்ட்னர் ஆன பிறகும் அவர் தப்ப முடியாது. 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில், நிறுவனத்துக்காக ஒரு பார்ட்னர் செய்ததற்கு எல்லாப் பார்ட்னர்களும் பொறுப்பு. பத்திரம் எழுதிய வக்கீலைக் கேளுங்கள், அவரும் இதையே சொல்வார். இந்த நிலைமையில் உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டால் அந்த லேபிளுக்கும் சேர்த்துப் போட்டதாகத்தான் அர்த்தம். அவர் செய்வது பிடிவாதம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் போட மாட்டேன்.

பெற்றவர்கள் சேர்த்து வைத்த பெயரைப் பிள்ளை எடுத்து நடத்தலாம், பெரிதாக்கலாம். அதை உரசிக் காசாக்கக் கூடாது. இதில் எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வாடகை ஏறிவிட்டது, போட்டி அதிகம் என்று எத்தனையோ பிள்ளைகள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் லேபிள் ஒன்று ரெண்டு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாலாயிரம் லேபிளை மூட்டை கட்டி வைத்தால் எட்டாயிரம் ரூபாய் முடங்கும். எட்டாயிரம் ரூபாய்க்கா தம்பி?

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாமல், கூலி வாங்காமல், எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற மாமனாரை ஊருக்கு அனுப்பி என்ன ஆகப் போகிறது? அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? பதினேழு வயதில் விட்டு வந்த ஊர் அது. அவர் ஊர் இப்போது தாராவிதான். இந்தப் பேச்சு இனி உங்கள் வீட்டில் எழக் கூடாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலையில் லேபிள் தைக்கிற மெஷினை நிறுத்துங்கள். கட்டி வைத்திருக்கிற செட்டுகள் வெளியே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் பாயை விரித்து, நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து, பிளேடு வைத்து லேபிள்களைப் பிரியுங்கள். வேலையாட்களைக் கூப்பிட வேண்டாம், இது அவர்கள் செய்த தப்பு இல்லை. நூலைத்தான் அறுக்க வேண்டும், துணியில் பிளேடு படக் கூடாது. ஒரு செட்டுக்கு ரெண்டு நிமிடம் ஆகும், விரல் நோகும். பிவண்டிக்காரரிடம் துணியின் சரியான கலவையைப் பில்லில் எழுதி வாங்கி, அதே விகிதத்தைப் போட்டுப் புது லேபிள் அடிக்கக் கொடுங்கள். கலப்புத் துணிக்குத் தனி விலை, காட்டனுக்குத் தனி விலை என்று ரெண்டு ரகமாக ஓட்டுங்கள்.

அடுத்தது கஷ்டமானது. தீபாவளிக்குப் பிறகு சரக்கு எடுத்த கராத்தே மாஸ்டர்கள் எல்லோரையும் நேரில் போய்ப் பாருங்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். காட்டன்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு மாற்றிக் கொடுங்கள், மற்றவர்களுக்கு அடுத்த பில்லில் 140 ரூபாய் கழியுங்கள். ரெண்டு மூன்று பேர் ஆர்டரை நிறுத்துவார்கள், நிறுத்தட்டும். 5,88,000 ரூபாயும் திரும்பிப் போகும், போகட்டும். லோன் ஒரு வருடம் தள்ளிப் போகும். ஆறு மெஷினில் அந்த ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம், உங்கள் அப்பா ஒரு மெஷினில் ஆரம்பித்தவர்.

அப்பாவிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையெழுத்து என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பிரித்த லேபிள்களையும், இன்னும் தைக்காமல் மீதி இருக்கிற பழைய லேபிள்களையும் ஒரு டப்பாவில் போட்டு அவர் பக்கத்தில் வையுங்கள். காட்டன் கேன்வாஸ் எப்போது எடுக்கலாம், எத்தனை அவுன்ஸ் எடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். சுத்தக் காட்டன் வந்து, தண்ணீரில் நனைத்துக் காய்ந்து, வெட்டித் தைத்து வருகிற முதல் செட்டுக்கு எந்த லேபிள் என்று அவர் சொல்லட்டும்.

எனக்கு மறுபடி எழுதும்போது அப்பா கையெழுத்துப் போட்டாரா என்று எழுத வேண்டாம். எத்தனை மாஸ்டர்களை நேரில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.