டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் எல்லாம் மனப்பாடம் பண்ணாம புரிஞ்சிக்கிறது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி குடியாத்தம் பக்கம், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப பி.சி.ஏ. டேட்டா ஸ்ட்ரக்சர் (டேட்டாவ அடுக்கி வெக்கிற முறை) பேப்பர்ல பாஸ் ஆயிட்டேன் ஆனா எல்லாம் மனப்பாடம், இன்டர்வியூல கொஞ்சம் மாத்தி கேட்டா கை ஓட மாட்டேங்குது, இங்கிலீஷ் சரியா வராததாலதான் இப்டியா, எங்கருந்து ஆரம்பிக்கணும், எந்த லாங்குவேஜ்ல படிக்கணும்னு கேட்டிருக்காரு.

நான் காட்பாடி. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கிற ஷூ கம்பெனிங்களுக்கு சரக்கு கையிருப்பு, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுறது என் வேலை, ஞாயித்துக்கிழமைல காலேஜ் பசங்களுக்கு இதே சப்ஜெக்ட் சொல்லித்தர்றேன். அதனால தெரிஞ்சத சொல்றேன் பா.

மொதல்ல இங்கிலீஷ் விஷயத்த தூக்கி ஓரமா வை. நம்ம ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்குலயே லீனியர் சர்ச், பைனரி சர்ச், பபிள் சார்ட், டைனமிக் ப்ரோகிராமிங் எல்லாம் தமிழ்ல இருக்குது, எடுத்து திரும்ப படி. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பசங்களும் இதே எடத்துலதான் நிக்கிறாங்க, நான் பாத்துக்கினுதான் இருக்கேன். உன் சிக்கல் இன்னான்னா நீ புரோகிராம கண்ணால படிக்கிற, கையால ஓட்டல. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு எட்டு பத்து நம்பர், இத வெச்சி ட்ரை ரன் (புரோகிராம வரி வரியா கையால ஓட்டிப் பாக்கறது) போடாத வரைக்கும் எந்த அல்காரிதமும் (ஒரு வேலைய முடிக்கிற ஸ்டெப்புங்களோட வரிசை) உள்ள போகாது, ஸ்டாக்குன்னா தட்டு அடுக்குற மாதிரின்னு க்ளாஸ்ல சொல்லித்தர்ற உதாரணம் எல்லாம் மொத நாளைக்கு மட்டும்தான் தாங்கும்.

பைனரி சர்ச் எடுத்துக்கோ, வரிசையா அடுக்கின லிஸ்ட்ல நடுவுல பாத்து, ஒவ்வொரு தடவையும் பாதிய தள்ளிட்டு தேடறது. நோட்டுல 4, 9, 13, 21, 28, 35, 47, 52, 60னு எழுது, மேல இன்டெக்ஸ் (எட நம்பர்) 0லருந்து 8 வரைக்கும் போடு, கீழ லோ (தேடுற எடத்தோட ஆரம்பம்), ஹை (முடிவு), மிட் (ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தது, அரை வந்தா விட்டுடு)னு மூணு காலம் கோடு போட்டு பிரி. இப்ப 50ஐ தேடு. லிஸ்ட்லயே இல்லாத நம்பர வேணும்னேதான் சொல்றேன், இருக்கிறத தேடினா எல்லாம் சரியா போற மாதிரியே தெரியும். லோ 0, ஹை 8, மிட் 4, அங்க 28 இருக்குது, 50 அதவிட பெருசு, அதனால லோ 5. இப்ப மிட் 6, அங்க 47, லோ 7. மிட் 7, அங்க 52, இது பெருசா போச்சி, ஹை 6. லோ 7, ஹை 6, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தாண்டிடுச்சி, தேட எடமே இல்ல, நிறுத்து. வொய்ல் (திரும்பத் திரும்ப ஓட்டுன்னு சொல்ற வரி) கண்டிஷன்ல லோ ஹைய தாண்டாத வரைக்கும்னு ஏன் எழுதுறோம்னு இப்ப உனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல.

அடுத்தது அதே நோட்டுல, லோ = மிட் + 1னு எழுதற எடத்துல வெறும் லோ = மிட்னு போட்டு மறுபடி 50ஐ தேடு. லோ 0, 4, 6ன்னு வரும், 52ஐ பாத்ததும் ஹை 6 ஆகும், அப்புறம் மிட் 6, 47 சின்னது, லோ திரும்ப 6, மறுபடி மிட் 6, மறுபடி லோ 6, இப்டியே நின்ன எடத்துலயே சுத்திக்கினு இருக்கும். அந்த +1 எதுக்குன்னு இனிமே உனக்கு மறக்காது, ஏன்னா அது இல்லாம போனா இன்னா ஆகும்னு உன் கையாலயே எழுதிட்ட. ஒரு புரோகிராம புரிஞ்சிக்கணும்னா அதுல ஒரு எடத்த மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும், பசங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது இது ஒண்ணுதான்.

இத்தனூண்டு புரோகிராம்னு இத லேசா நெனைக்காத. ஜாவா லைப்ரரில இருந்த பைனரி சர்ச்லயே ஒரு பக் (தப்பு) ஒம்போது வருஷம் போல யாருக்கும் தெரியாம கெடந்துது, அத எழுதின ஜோஷுவா ப்ளாக்தான் 2006ல வெளிய எடுத்து சொன்னாரு. மிட் கண்டுபிடிக்க லோவையும் ஹையையும் கூட்டி ரெண்டால வகுக்கிறோம் இல்ல, நூறு கோடிக்கு மேல எலிமென்ட் இருக்கிற அர்ரேல (லிஸ்ட்ல) அந்த கூட்டல், ஜாவாவோட இன்ட்ல அடங்குற பெரிய நம்பரான 2147483647ஐ தாண்டிடும், தாண்டினா மைனஸ் நம்பர் ஆயிடும். அதனால ஹைலருந்து லோவ கழிச்சி, அதுல பாதிய லோவோட கூட்டணும். கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான், மெஷின்ல வேற.

அப்புறம் பிக் ஓ. இத ஒரு ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணாத, டேட்டா ரெண்டு மடங்கு ஆனா வேலை எவ்ளோ ஆகும்னு கேக்கறதுதான் அது. பக்கத்து பக்கத்து நம்பர ஒப்பிட்டு மாத்தி வெக்கிற பபிள் சார்ட்ல 60 பேர் மார்க்க வரிசைப்படுத்தணும்னா 1,770 தடவ ஒப்பிடணும், 120 பேர் ஆயிட்டா 7,140, ஏறக்குறைய நாலு மடங்கு. பைனரி சர்ச்ல டேட்டா ரெண்டு மடங்கு ஆனாலும் ஒரே ஒரு ஸ்டெப்தான் கூடும், அதனாலதான் பத்து லட்சம் நம்பர்ல ஒண்ண தேட இருபது ஸ்டெப் போதும். இந்த நம்பர்ங்கள நீயே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துடு.

டேட்டா ஸ்ட்ரக்சர் எத எப்ப யூஸ் பண்றதுன்னு கொழப்பம் வந்தா ஒரே கேள்வி கேளு, இந்த டேட்டாகிட்ட நான் அடிக்கடி கேக்கப் போறது இன்னா? ஒரு ஷூ கம்பெனில பேக்கிங் லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு கார்ட்டன் நம்பரும் கையிருப்புல இருக்குதான்னு பாக்கற ரிப்போர்ட் இருந்துது, லூப்புக்குள்ள லூப் போட்டு யாரோ எழுதி வெச்சிருந்தாங்க, ரிப்போர்ட்ட போட்டுட்டு டீ குடிக்க போயிட்டு வருவாங்க, வந்தும் அது ஓடிக்கினு இருக்கும். ரெண்டு பக்கமும் இருபதாயிரம்னு வெச்சிக்க, மோசமா போனா நாப்பது கோடி தடவ ஒப்பிடணும். அங்க அடிக்கடி கேக்கற கேள்வி "இந்த நம்பர் இருக்குதா"ங்கறது மட்டும்தான், அதனால கையிருப்பு நம்பர்ங்கள ஒரு ஹேஷ் டேபிள்ல போட்டு வெச்சேன், பைத்தான்ல அது செட். மாத்தினது நாலஞ்சு வரி. என்டர் தட்டினதும் ரிப்போர்ட் வந்து நிக்கிது.

ஹேஷ் எப்டி உடனே கண்டுபிடிக்குதுன்னு அதையும் நோட்டுல போடு. ஏழு கட்டம் போட்டு, அதுங்களுக்கு 0லருந்து 6 வரைக்கும் நம்பர் குடு. 4521ஐ ஏழால வகுத்தா மீதி 6, 6ம் நம்பர் கட்டத்துல எழுது. 3308க்கு மீதி 4. 1924க்கும் மீதி 6 வருது, அந்த கட்டத்துல ஏற்கனவே ஆள் இருக்குது, இதுதான் கொலிஷன், அதே கட்டத்துல பக்கத்துல ஒரு லிஸ்ட்டா தொங்க விட்டுடலாம். தேடும்போது ஏழு கட்டத்தையும் பாக்க வேணாம், மீதிய கணக்கு போட்டு நேரா அந்த கட்டத்துக்கு போயிடுற. ஐ.பி.எம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953லயே இந்த யோசனைய எழுதி வெச்சிருக்காரு. ஆனா "5000லருந்து 6000க்குள்ள இருக்கிற நம்பர் எல்லாம் வரிசையா குடு"ன்னு கேட்டா ஹேஷுக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்கு ட்ரீ (சின்னது ஒரு பக்கம், பெருசு ஒரு பக்கம்னு கிளை பிரிச்சி வெக்கிறது) வேணும், டேட்டாபேஸ்ல தேடறதுக்குன்னு வெக்கிற இன்டெக்ஸ்ங்க பெரும்பாலும் அதுல ஒரு வகையான பி-ட்ரீயா இருக்கிறதுக்கு இதான் காரணம்.

லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொண்ணும் அடுத்தது எங்கன்னு காட்டுறது), ஸ்டாக் (கடைசியா வந்தது மொதல்ல போறது), க்யூ (மொதல்ல வந்தது மொதல்ல போறது) இதுங்கள சீக்கிரம் தாண்டிடலாம், ஒவ்வொண்ணையும் ஒரு தடவ நீயே எழுதிப் பாத்தா போதும். ரிகர்ஷன்ல (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கிறது) மட்டும் நின்னு போ. ஃபிபோனாச்சிய (முந்தின ரெண்டு நம்பர கூட்டினா அடுத்தது வர்ற வரிசை) ரிகர்ஷன்ல எழுதி 40 குடுத்தா அந்த ஃபங்ஷன் மொத்தம் 33,11,60,281 தடவ தன்னையே கூப்பிட்டுக்கும். நம்பலன்னா 5 குடுத்து மரம் மாதிரி படம் போடு, 15 தடவ கூப்பிடறது வரும், அதுல 2ங்கறத மட்டும் மூணு தடவ புதுசா கண்டுபிடிச்சிக்கினு இருக்கும். ஒரு தடவ கண்டுபிடிச்சத எழுதி வெச்சிக்கினா அந்த முப்பத்திமூணு கோடி சில பத்து ஸ்டெப்புக்குள்ள அடங்கிடும், டைனமிக் ப்ரோகிராமிங்னு பேர் வெச்சி பயமுறுத்துற விஷயத்தோட உயிரே இவ்ளோதான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கிராஃப், அதுக்கு நம்ம ஊர்ல புக்கே வேணாம், ரயில்வே மேப் இருக்குது. காட்பாடிலருந்து ஒரு லைன் அரக்கோணம், ஒண்ணு ஜோலார்பேட்டை, ஒண்ணு சித்தூர் வழியா பாகாலா, ஒண்ணு வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியா விழுப்புரம். ஜங்ஷன்ங்க நோட் (node, புள்ளி), நடுவுல இருக்கிற லைன் எட்ஜ் (ரெண்டையும் சேர்க்கிற கோடு). இப்ப காட்பாடிலருந்து விழுப்புரம், அங்கருந்து செங்கல்பட்டு போ, அங்கருந்து காஞ்சிபுரம் வழியா அரக்கோணம் வா, அப்டியே காட்பாடி, கெளம்பின எடத்துக்கே வந்துட்ட. இதான் சைக்கிள், இது இருக்கிறதாலதான் இது ட்ரீ இல்ல, இதனாலதான் பி.எஃப்.எஸ் (பக்கத்துல இருக்கிறத எல்லாம் மொதல்ல பாத்துட்டு தள்ளி போறது), டி.எஃப்.எஸ் (ஒரே வழில கடைசி வரைக்கும் போயிட்டு திரும்பறது) ரெண்டுலயும் விசிட்டட் (ஏற்கனவே பாத்தது)னு ஒரு லிஸ்ட் வெச்சிக்கணும், இல்லன்னா இந்த வட்டத்துலயே சுத்திக்கினு இருக்கும்.

காட்பாடிலருந்து செங்கல்பட்டு போகணும். பி.எஃப்.எஸ்கிட்ட கேட்டா அரக்கோணம் வழியும் ரெண்டு எட்ஜ், விழுப்புரம் வழியும் ரெண்டு எட்ஜ், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லும். நம்ம ஊர்ல சின்ன பையன்கூட அத ஒத்துக்க மாட்டான். தூரத்த பாக்கணும்னா, கொறஞ்ச தூர வழிய கண்டுபிடிக்கிற டெய்க்ஸ்ட்ரா அல்காரிதம் வேணும், காட்பாடிக்கு 0 போடு, அரக்கோணம் சுமார் 60 கிலோமீட்டர், ஜோலார்பேட்டை 85 போல, விழுப்புரம் 160. இருக்கிறதுலயே சின்னத எடு, அரக்கோணம். அங்கருந்து செங்கல்பட்டு அறுபது சொச்சம், மொத்தம் 125 போலன்னு எழுது. அடுத்து பாகாலா, ஜோலார்பேட்டை எல்லாம் வரும், நமக்கு உதவாது. அதுக்கப்புறம் 125ன்னு செங்கல்பட்டே வந்துடும், முடிஞ்சிது. விழுப்புரத்த திறந்தே பாக்கல கவனிச்சியா, அங்க போய் சேரவே 160 ஆகுது, அதுக்கு மேல எந்த லைன்ல போனாலும் தூரம் கூடத்தான் செய்யும், குறையாது, அதனால 125ஐ அது ஜெயிக்கவே முடியாது. எட்ஜ்ல மைனஸ் நம்பர் இருந்தா டெய்க்ஸ்ட்ரா வேலை செய்யாதுன்னு நீ மனப்பாடம் பண்ணியிருப்ப இல்ல, காரணம் இந்த "குறையாது"ங்கற ஒரு வார்த்தைலதான் இருக்குது. இங்க அடிக்கடி கேக்கற கேள்வி "இருக்கிறதுலயே சின்னது எது"ங்கறது, அதனால உள்ள ஹீப் (இருக்கிறதுல சின்னத எப்பவும் மேலயே வெச்சிருக்கிற ட்ரீ) போடுறோம். டெய்க்ஸ்ட்ரா இந்த அல்காரிதத்த 1956ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு காபி கடைல உக்காந்து, பேப்பரே இல்லாம இருபது நிமிஷத்துல யோசிச்சாரு, 1959லதான் அச்சுல வந்துது. நமக்கு பேப்பர் வேணும், அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல.

ஏவிஎல் ட்ரீ, ரெட் பிளாக் ட்ரீ (ஒரு பக்கமா சாயாம பாத்துக்கிற ட்ரீங்க) ரொட்டேஷன் எல்லாம் இப்ப தொடாத, செமஸ்டர்ல கேட்டா மட்டும் எழுதிக்கோ. லாங்குவேஜ் கேட்டல்ல, அல்காரிதம் எல்லாம் பைத்தான்ல போடு, கண்ணுக்கு தெளிவா இருக்கும். லிங்க்ட் லிஸ்ட்டும் பைனரி ட்ரீயும் மட்டும் சி-ல ஒரு தடவ எழுது, பாயின்டர் (அடுத்தது எங்க இருக்குதுன்னு சொல்ற விலாசம்) எங்கருந்து எங்க போகுதுன்னு அம்புக்குறி போட்டு ஒவ்வொரு வரியா ஓட்டு, நோட் டெலீட் பண்ற எடத்துல லிஸ்ட்ல ஒரே ஒரு நோட் இருந்தா இன்னா ஆகும், லிஸ்ட்டே காலியா இருந்தா இன்னா ஆகும்னு தனித்தனியா பாரு, இன்டர்வியூல அந்த ரெண்டு எடத்துல மாத்தி கேப்பாங்க.