குவாரிக் குட்டையில் காணாமல் போன தம்பி: நீங்கள் இறங்காதீர்கள்

வேலூர்ப் பக்கம் கல்குவாரிக் குட்டையில் குதித்த தம்பி மேலே வரவில்லை, தீயணைப்புக்காரர்கள் இருட்டியதும் தேடலை நிறுத்திவிட்டார்கள், நாங்களே இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். அடியில் பாறை இடுக்கும் சேறும் எப்படி இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது; 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களுக்காகக் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமான் குனான், முன்னாள் கடற்படை வீரர், அவரே வழியில் இறந்துபோனார். இரவில் ஆளை இறக்க மறுப்பது அலட்சியம் இல்லை, சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போதே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் 1077, அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, அங்கே பேசி தேசியப் பேரிடர் மீட்புப் படை வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுடைய 4ஆவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது, ஆனால் மாவட்ட நிர்வாகம் கேட்டால்தான் வருவார்கள், அதனால் தாசில்தாரையும் நேரில் பாருங்கள். கூடக் குளித்த பையனைக் கூட்டிவந்து, தம்பியைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் கரையிலிருந்தே காட்டச் சொல்லி அதற்கு நேராக ஒரு கல்லை நட்டு வையுங்கள், விடிந்ததும் வீரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அம்மாவைக் கரையில் தனியாக விடாதீர்கள்.