பில்லின் அடியில் ஒரு பூங்கா: கலிஃபோர்னியா வீட்டுக்காரர்களுக்குக் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய நம்மவர்கள், ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லில் 'லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங்' என்ற வரியைப் பார்த்துவிட்டு அனுப்பிய கேள்விகள் இவை. அந்த வரியில் இருப்பது அசெஸ்மென்ட் என்னும் கட்டணம். அதைக் கணக்கிடும் அறிக்கையை நகராட்சிகளுக்குத் தயாரிக்கும் சிவில் பொறியாளர் வேலையில் பல வருடம் இருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன். வருமான வரியும் வழக்கும் என் துறை அல்ல.

வீட்டு மதிப்பில் 1 சதவீதம்தான் வரி என்றார்கள். பில்லில் அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டுத் தொகைகள் இருக்கின்றனவே? (ஃப்ரீமான்ட்)

அந்த 1 சதவீதம் 1978 ஜூனில் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின் உச்சவரம்பு. மதிப்பையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது மதிப்பு. வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நகராட்சிகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் சட்டென்று சுருங்கியது. மரமும் புல்லும் தெருவிளக்கும் சுருங்கவில்லை.

அப்போது கைகொடுத்தது ஏற்கனவே இருந்த 1972-ஆம் வருட லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங் சட்டம். ஒரு வட்டாரத்தை வரையறுத்து, அங்கே சாலை நடுத்திட்டு, சரிவு, மரம், விளக்கு, பூங்கா இவற்றைப் பராமரிக்க ஆகும் செலவை அங்குள்ள மனைகளுக்குப் பிரித்துப் போடலாம் என்கிறது அது. அப்படிப் போடுவதுதான் அசெஸ்மென்ட். வீட்டின் விலை இதில் கணக்கே இல்லை. இரண்டு மில்லியன் டாலர் வீடும் பக்கத்தில் இருக்கும் ஒரு மில்லியன் டாலர் வீடும் ஒரே தொகை கட்டும். கான்டோக்களுக்குப் பெரும்பாலும் தனிவீட்டைவிடக் குறைவாக இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 400 வீடுகள் உள்ள வட்டாரத்தில் வருடச் செலவு 1,20,000 டாலர். அதில் 10 சதவீதம் ஊருக்கே பொதுவான பலன் என்று பொறியாளர் கண்டால், அந்த 12,000 டாலரை நகராட்சி தன் பொது நிதியிலிருந்து போட வேண்டும். மீதி 1,08,000-ஐ 400-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 270 டாலர். அந்த 10 சதவீதத்தை நினைவில் வையுங்கள், கீழே சண்டையே அதைப் பற்றித்தான்.

நாங்கள்தான் மாதாமாதம் எச்.ஓ.ஏ. கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு? (சான் ரமோன்)

எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கம் உங்கள் குடியிருப்பின் தனிச் சொத்தைப் பார்த்துக்கொள்வது. அசெஸ்மென்ட் பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்வது. கேட்டுக்கு உள்ளே இருக்கும் நீச்சல் குளம் எச்.ஓ.ஏ., வெளியே சாலையின் நடுத்திட்டு அசெஸ்மென்ட். இரண்டையும் கட்டத்தான் வேண்டும்.

மெல்லோ ரூஸும் இதுவும் ஒன்றா? நாங்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்களாம். (ட்ரேசி)

ஒன்று அல்ல. மெல்லோ ரூஸ் 1982-இல் வந்த சட்டம். அது வரி, அசெஸ்மென்ட் போல மனைக்குக் கிடைக்கும் பலனுக்கான கட்டணம் அல்ல. பள்ளி, சாலை கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டு அதை அடைப்பதற்கும் அதைப் பயன்படுத்தலாம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆனால் பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் நில உரிமையாளர்கள் ஏக்கருக்கு ஒரு ஓட்டு போடுவார்கள். காலி நிலமாக இருந்தபோது உரிமையாளர் யார்? கட்டுமான நிறுவனம்தான். நீங்கள் கேள்விப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

புதுக் குடியிருப்புகளில் அசெஸ்மென்ட்டுக்கும் இதேபோல நிறுவனமே ஒப்புதல் தந்துவிடுவது உண்டு. வீடு வாங்கும்போது வரும் அறிவிப்புத் தாள்களில் இரண்டும் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அல்ல, ஒரு வாரம் முன்பே படியுங்கள்.

நகராட்சியிலிருந்து ஒரு வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இதில் ஓட்டுப் போட்டால் சிக்கல் வருமா? பயந்து மேசையிலேயே வைத்திருக்கிறேன். (டப்ளின்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பதில்களை எழுதலாம் என்று நினைத்தேன். பயப்படாதீர்கள், நிரப்பி அனுப்புங்கள்.

1996 நவம்பரில் வந்த 218-ஆம் முன்மொழிவுதான் இந்த வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. புது அசெஸ்மென்ட் போடவோ, இருப்பதை ஏற்றவோ வேண்டுமானால் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தபாலில் அறிவிப்பும் சீட்டும் போக வேண்டும். பொது விசாரணைக்குக் குறைந்தது 45 நாள் முன்பாக அது வர வேண்டும். இது தேர்தல் அல்ல. மாநிலச் சட்டத்தின்படி இது மனை உரிமையாளரின் சம்மதமோ எதிர்ப்போதான். குடியுரிமை கேட்பதில்லை, வாக்காளர் பதிவு கேட்பதில்லை. பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தால் போதும். அதிபர் தேர்தலில் ஓட்டில்லாத நம் மக்கள் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த ஊரில் இருக்கும் அரிதான ஓட்டு இது.

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இது ரகசிய ஓட்டு அல்ல. கையெழுத்து வேண்டும், எண்ணத் தொடங்கிய பிறகு சீட்டுகள் யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பொது ஆவணம். இன்னொன்று, எல்லாச் சீட்டுக்கும் ஒரே எடை கிடையாது. யார் எவ்வளவு கட்டப்போகிறார்களோ அந்த அளவுக்கு எடை. 270 டாலர் கட்டும் உங்கள் சீட்டைவிட, 27,000 டாலர் கட்டப்போகும் வணிக வளாகத்தின் சீட்டு நூறு மடங்கு கனம். மனம் மாறினால் விசாரணை முடியும் வரை சீட்டைத் திரும்பப் பெறலாம், மாற்றலாம்.

அந்தச் சீட்டை அனுப்பாமல் விட்டால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் நான் விட்டுவிட்டேன். சரிதானே? (மில்பிடஸ்)

தவறு. திரும்பி வந்த சீட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். எதிர்ப்பின் எடை ஆதரவின் எடையைவிட அதிகமானால் அசெஸ்மென்ட் விழும், இல்லையென்றால் கவுன்சில் அதைப் போடலாம். தண்ணீர்க் கட்டண உயர்வுக்கு வேறு விதி: அங்கே பாதிக்கு மேற்பட்ட மனைகளிலிருந்து எழுத்தில் எதிர்ப்பு வந்தால்தான் நிற்கும். அந்தக் குழப்பத்தில்தான் பலரும் உறையைக் குப்பையில் போடுகிறார்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் சீட்டை அனுப்புங்கள்.

எச்.ஓ.ஏ. இருந்தால் இதிலிருந்து விலக்கு கேட்கலாமா? (கூபர்டீனோ)

முடியாது. சான் ரமோன் கேள்வியைப் பாருங்கள்.

எங்கள் பூங்காவுக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம். சனி ஞாயிறு வந்தால் வேறு பகுதிக்காரர்கள் கிரிக்கெட் ஆடி, பார்பிக்யூ போட்டுவிட்டுப் போகிறார்கள். கட்டாதவர்கள் வரக்கூடாது என்று வேலி போட முடியுமா? (டப்ளின், வேறொருவர்)

வேலி போட முடியாது, அது பொதுப் பூங்கா. ஆனால் உங்கள் கோபத்துக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. வெளியாட்கள் அனுபவிக்கும் பங்கை உங்கள் தலையில் கட்டக்கூடாது. 218 சொல்வது இதுதான்: உங்கள் மனைக்கு மட்டும் கிடைக்கும் தனிப்பலன் வேறு, ஊருக்கெல்லாம் கிடைக்கும் பொதுப்பலன் வேறு. பொறியாளர் அறிக்கை இரண்டையும் பிரித்து அளக்க வேண்டும். தனிப்பலனுக்கு மட்டும்தான் உங்களிடம் வாங்கலாம். நிரூபிக்கும் பொறுப்பும் நகராட்சியுடையது.

2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் சான்டா கிளாரா கவுன்ட்டி திறந்தவெளி ஆணையத்தின் அசெஸ்மென்ட்டை ரத்து செய்தது. தனிவீட்டுக்கு வருடம் 20 டாலர்தான். தொகை சின்னது என்பதை நீதிமன்றம் பார்க்கவில்லை. அழகான காட்சி, பொழுதுபோக்கு வசதி என்று அறிக்கை அடுக்கியதெல்லாம் எல்லோருக்கும் கிடைப்பதுதானே என்றது. 2011-இல் சான் டியேகோவின் கோல்டன் ஹில் வட்டாரமும் இதே காரணத்தால் விழுந்தது, பொதுப்பலனைப் பிரித்து அளக்கவில்லை. ஆகவே உங்கள் அறிக்கையை எடுத்து, 'பொதுப்பலன்' என்ற பகுதிக்குப் போங்கள். எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம்? பூங்காவுக்கு வருகிறவர்களை எண்ணிப் பார்த்தார்களா, இல்லை ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்களா?

மேலே வேலி கேட்ட டப்ளின்காரருக்கு: நாங்கள் அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் பிள்ளைகள் உங்கள் பூங்காவில்தான் விளையாடுகிறார்கள். வாடகையில் எங்கள் பங்கும் போகிறது ஐயா. (ஹேவர்ட்)

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வாடகை வீட்டின் உரிமையாளர் கட்டும் அசெஸ்மென்ட் வாடகையில் சேராமல் இருக்காது. ஆனால் ஹேவர்ட் வாடகை டப்ளின் பூங்காவுக்குப் போகாது, வட்டாரத்தின் கோடு அங்கேயே நின்றுவிடும். இந்த முறையின் பெரிய குறை அதுதான் என்பது என் கருத்து. கட்ட முடிந்த வட்டாரத்தில் மரம் நிழல் தரும், கட்ட முடியாத வட்டாரத்தில் நடுத்திட்டு மண்ணாகக் கிடக்கும். சரியாக அளக்கப்பட்ட பொதுப்பலன் பங்கு இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்கும், ஏனென்றால் அந்தப் பணம் ஊர்ப் பொது நிதியிலிருந்து வருகிறது.

வேலி கேட்டவன் எழுதுகிறேன். அப்படியென்றால் எல்லா அசெஸ்மென்ட்டையும் வழக்குப் போட்டு ஒழித்துவிடலாமே? பணம் மிச்சம். (டப்ளின்)

ஒழித்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு ரிவர்சைட் கவுன்ட்டியில் வைல்டொமார் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூங்காக்களுக்குப் போட்ட அசெஸ்மென்ட்டை 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பூங்கா பக்கத்து வீடுகளுக்குத் தனிப்பலன் தரவே தராது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பொதுப்பலனிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவில்லை என்றுதான் சொன்னது. பிழை அறிக்கையில். அடி விழுந்தது பூங்காவில்: பணம் நின்றது, பூங்காக் கதவைப் பூட்டும் நிலை வந்தது. கடைசியில் 2012 நவம்பரில் மனைக்கு வருடம் 28 டாலர் என்று ஒரு சிறப்பு வரியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுப் போட்டு ஊரே நிறைவேற்றியது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், வழக்குக்கு முன் அறிக்கையைப் படியுங்கள். கணக்கு தவறென்றால் விசாரணை நாளிலேயே எழுதிக் கொடுங்கள். திருத்திய அறிக்கையால் உங்கள் கட்டணமும் குறையும், பூங்காவும் பிழைக்கும். ஹேவர்ட் நண்பருக்கும் உங்களுக்கும் இதில் ஒரே நலன்தான்.

இந்த விவாதத்துக்கு இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். வேலி கிடையாது, அது முடிந்த விஷயம்.

ஒழுங்காகக் கட்டுகிறோம், ஆனாலும் எங்கள் தெருவோரம் காய்ந்து கிடக்கிறது. பணம் எங்கே போகிறது? (ஓக்லாந்து)

பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை, பணத்தின் மதிப்புதான் போய்விட்டது. பழைய வட்டாரங்கள் பலவற்றில் விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடு கிடையாது. வருடம் 3 சதவீதம் விலை ஏறினால் 100 டாலர் வேலைக்கு 25 வருடம் கழித்து 209 டாலர் வேண்டும். வசூல் அதே 100. உங்கள் ஊரின் வட்டாரம் 1989-இல் அமைந்தது. அது போதாமல்தான் 2020 மார்ச்சில் தனிவீட்டுக்கு 148 டாலர் என்று இன்னொரு வரிக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள், பூங்காவோடு வீடற்றோர் உதவிக்கும் சேர்த்து. வாக்குச்சீட்டில் 'விலைவாசிக் குறியீட்டுப்படி உயரும்' என்று ஒரு வாக்கியம் இருந்தால் அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அது இல்லாத வட்டாரங்கள்தான் முதலில் காய்கின்றன.

செலவில் பெரும்பகுதி ஆள் கூலியும் தண்ணீரும். தெளிப்பான் ஒன்றின் தலை உடைந்து, விடிகாலையில் நடைபாதையில் நீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீருக்கும் உங்கள் வட்டாரம்தான் பில் கட்டுகிறது. 2015-இல் ஆளுநர் ஜெரி பிரவுன் நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்கச் சொன்னபோது நடுத்திட்டுப் புல் பல ஊர்களில் போனது. 2023-இல் வந்த சட்டப்படி, யாரும் மிதிக்காத அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவது அரசு, நகராட்சி இடங்களில் 2027 தொடக்கத்திலிருந்து கூடாது. எச்.ஓ.ஏ. பொது இடங்களுக்கு 2029. ஆகவே புல் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். வறட்சி தாங்கும் உள்ளூர்ச் செடிகளை எப்போது நடப்போகிறீர்கள் என்று கவுன்சிலில் கேளுங்கள்.

இதை வருமான வரியில் கழிக்கலாமா? (சான் ஹோசே, மேலும் பலர்)

உங்கள் கணக்காளரைக் கேளுங்கள். பில்லில் உள்ள எல்லாத் தொகையும் ஒரே வகை அல்ல என்பதை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

சென்னையில் இப்படி ஒன்று கொண்டுவரலாமா? (சன்னிவேல்)

அது நான் வேலை பார்த்த ஊர் அல்ல. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதத் திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்கும் விதி அங்கே இருக்கிறது. இடத்தைக் கொடுப்பதோடு நிற்காமல், வருடாவருடம் பராமரிக்க யார் பணம் தருவது என்பதை நகரமைப்பு அறிந்த ஒருவரிடம் கேளுங்கள். நல்ல கேள்வி.

பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு தொகையை மட்டும் கட்டாமல் விடலாமா? (எல்க் குரோவ்)

கூடாது. பில் ஒன்றுதான். முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம்.

எச்.ஓ.ஏ. கட்டணமும் இதுவும் இரட்டை வசூல் இல்லையா? (ஃப்ரீமான்ட்)

இல்லை. மூன்றாவது முறை. மேலே இருப்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பொறியாளர் அறிக்கை, பொறியாளர் அறிக்கை என்கிறீர்களே, அது எங்கே கிடைக்கும்? (டப்ளின்)

நகராட்சி க்ளார்க் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள், பொது ஆவணம். பல ஊர்களில் மே, ஜூன் கவுன்சில் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலோடு இணைத்திருப்பார்கள். ஆகஸ்டில் கட்டணப் பட்டியல் கவுன்ட்டிக்குப் போய்விடும், அதன் பிறகு அந்த வருடத்துக்கு மாற்றுவது கடினம். முதலில் உங்கள் மனை எண்ணைத் தேடி எந்த மண்டலத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து பட்ஜெட் பக்கத்தில் தண்ணீர், கூலி, இருப்பு நிதி. பிறகு பொதுப்பலன் சதவீதம். முன்வருட அறிக்கையையும் கையோடு கேட்டு வாங்குங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது ஏறியது என்று தெரியும்.