விந்து நாளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். மறுபடி மனைவியைக் கத்திக்குக் கொடுக்க மனமில்லை. நானே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். அம்மாவோ, 'ஆம்பளைக்குப் பண்ணினா உடம்பு விட்டுப்போயிடும்' என்று ஒரே பிடியாக நிற்கிறார். அது கிடக்கட்டும். குழாயை அடைத்தபின் ஊறும் விந்தணு எங்கே போகும்? தேங்கி வீங்காதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

குளிக்கும்போது விதைக்கு மேலே தோலை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். ஈர்க்குச்சி போல ஒன்று நழுவும். அதுதான் விந்து நாளம், ஆபரேஷனில் வெட்டி அடைக்கும் குழாய். சுவரெல்லாம் கெட்டித் தசை, நடுவில் இருக்கும் துவாரம் மிகச் சிறியது. தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இறங்கி, புரோஸ்டேட் சுரப்பி அருகே முடிகிறது. நீட்டினால் ஒரு அடிக்குக் குறையாது. அந்தத் தசை சுருங்கித்தான் விந்தணுவைத் தள்ளுகிறது.

சரி, உங்கள் கேள்வி. விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ், ஏறக்குறைய 6 மீட்டர் குழாய் சில சென்டிமீட்டருக்குள் சுருண்டு கிடப்பது. விதையிலிருந்து வரும் அணுவுக்கு நீந்தும் திறன் கிடையாது; இங்கே தங்கும் நாட்களில்தான் அது வருகிறது. நாளத்தை அடைத்தபின் வெளியேற முடியாத அணுக்கள் சிதைந்துபோகும், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தொடக்கத்தில் கொஞ்சம் கனமாக இருக்கலாம். சிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் விதையிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது, இந்த நாளத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விந்தில் பெரும்பங்கு விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுரப்பது, அதனால் அளவும் குறைந்ததாகத் தெரியாது.

1971இல் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரம் ஆண்களுக்கு மேல் வரிசையில் நின்று இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள். அப்புறம் எமர்ஜென்சியில் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள், பயம் தங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தம்பதிகளில் பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம், ஆண் செய்துகொண்டது 0.3. பயத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது.

இப்போது தோலில் சிறு துளைதான், தையல்கூடப் பெரும்பாலும் இல்லை. ஆனால் வெட்டிய இடத்துக்கு மேலே நாளத்தில் பழைய அணுக்கள் மிச்சமிருக்கும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை ஆணுறையை விட்டுவிடாதீர்கள்.