நயாகரா: அமெரிக்கக் கரையிலிருந்தே ஒரு வேறு கோணம்

கேள்வி: ஜூன் மாதம் மகளோடு நயாகரா போகிறேன். கையில் இருப்பது அமெரிக்க விசா மட்டும். “கனடா பக்கம் போனால்தான் படம் நன்றாக வரும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். 24-70 மி.மீ. ஜூம் லென்ஸோடு ஒரு மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் நின்றே, எல்லோரும் எடுப்பதுபோல் இல்லாத படம் எடுக்க வழியுண்டா?

பதில்: உண்டு. கனடா கரையில் நின்றால் அருவி முழுசாக எதிரே விரிந்து கிடக்கும். அங்கே யார் எடுத்தாலும் காலண்டர் படம்தான். அமெரிக்கக் கரையில் அந்த முகப்புக் காட்சி கிடைக்காது. அருவியின் தலைமாட்டிலோ காலடியிலோதான் நிற்க முடியும். நீங்கள் தேடும் கோணமும் அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

தலைமாடு என்றது, அருவிகளுக்கு நடுவே அமெரிக்கப் பக்கம் இருக்கும் கோட் தீவின் ஓரத்திலுள்ள டெரபின் பாயிண்டை. நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவி 57 மீட்டர் பள்ளத்தில் விழத் தொடங்கும் விளிம்பு அங்கே தடுப்புக் கம்பியை ஒட்டியே இருக்கிறது. வானத்தையும் எதிர்க்கரை ஓட்டல்களையும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள். லென்ஸை 70-இல் வைத்து, தண்ணீர் வளைகிற அந்த ஓர் இடத்தை மட்டும் பிடியுங்கள். அதுவரை நுரையும் சுழிப்புமாக வந்த ஆறு, விளிம்பில் சட்டென்று வழவழப்பாகி, பாட்டில் கண்ணாடிபோல் பச்சையாக மடங்கும். அடுத்த கணம் வெள்ளையாக உடையும். அந்தப் பச்சை கனடா பக்கத்துப் படங்களில் ஒரு மெல்லிய கோடுதான். இங்கே அதுவே படம்.

இதற்கு விடிகாலையில் போங்கள். காரணம் வெளிச்சம் மட்டுமல்ல. நயாகரா ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு மின் உற்பத்திக்குத் திருப்பிவிடப்படுகிறது. 1950-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அருவியில் நொடிக்குக் குறைந்தது சுமார் 2,800 கன மீட்டர் விழ வேண்டும். மற்ற நேரத்தில் அதில் பாதி போதும். அதனால் எட்டு மணிக்கு முன்னால் தண்ணீரும் குறைவு, சாரலும் குறைவு. விளிம்பு தெளிவாகத் தெரியும். வெளிச்சம் மங்கலாக இருப்பதால் தண்ணீர் பட்டுப்போல் ஓடித் தெரிய வைக்கும் கால் நொடி ஷட்டருக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர்கூடத் தேவைப்படாது. முழங்கையை உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும். முக்காலி இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

எட்டு மணிக்கு மேல் சாரல் எழும்பும். அப்போது சூரியன் கிழக்கே, உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். வானவில் எங்கே விழும் என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் தலையின் நிழல் விழும் திசையைப் பாருங்கள். கையை முழுக்க நீட்டி, விரல்களை விரித்து, அங்கிருந்து இரண்டு சாண் அளங்கள். ஒரு சாண் ஏறக்குறைய 20 டிகிரி, வானவில் நிற்பது 42 டிகிரியில். கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் மாட்டியிருந்தால் கவனம்: வளையத்தைத் தப்பான பக்கம் திருப்பினால் வானவில் மறைந்தே போகும். கீழே கனடா படகு வந்தால் காத்திருந்து எடுங்கள். சிவப்பு மழைக்கோட்டுக் கூட்டம் சாரலுக்குள் ஒரு பொட்டாகத் தெரியும்போதுதான் பள்ளத்தின் ஆழம் படத்தில் உறைக்கும்.

காலடிக்கு, கோட் தீவிலிருந்தே இறங்கிப் போகும் ‘கேவ் ஆஃப் த விண்ட்ஸ்’ (காற்றுக் குகை). பெயரில் இருக்கும் குகை இப்போது இல்லை. 1954-இல் பாறை சரிந்ததோடு அந்தக் கதை முடிந்தது. இப்போது இருப்பது மரப்படிகள். அதன் உச்சித் தளம் நயாகராவின் சிறிய அருவியான பிரைடல் வெயில் அருவிக்கு 6 மீட்டர் பக்கத்தில். முதல் முறை நான் அங்கே கேமராவை நீட்டி நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் லென்ஸ்மேல் நீர்த்துளிதான் தெரிந்தது. உச்சித் தளத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நனைந்துவிட்டு வாருங்கள். படத்துக்கு இரண்டு திருப்பம் கீழே நில்லுங்கள். மகளை மேலே போகச் சொல்லி, 24-இல், அண்ணாந்து, 1/1000 நொடியில் எடுங்கள். மஞ்சள் மழைக்கோட்டுக்கு மேல் தண்ணீர் துளித்துளியாகச் சிதறி நிற்கும். ஃபோகஸை அவர்மேல் வையுங்கள். தண்ணீர்மேல் விட்டால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தவிக்கும். வெள்ளை வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள். எடுக்கும் நொடிவரை லென்ஸ் தரையைப் பார்த்தே இருக்கட்டும், துடைக்க மூன்று உலர்ந்த துணியாவது வேண்டும்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இரு கரையிலும் அனுமதியில்லை. கம்பித் தடுப்பைத் தாண்டி ஒரு காலை வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றினால், வேண்டாம். சாரலில் அந்தக் கல் எப்போதும் வழுக்கும். அறைக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து உடனே வெளியே எடுத்து, லென்ஸைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் அப்படியே உலரவிடுங்கள்.